விற்காத முதல் கட்டி

திருச்சி வெயிலில் சீஸ் செய்யவே முடியாது என்று என்னிடம் சொன்னவர்கள் நிறையப் பேர். என் கணவரும் அதில் சேர்த்தி. அறுபதுகளின் நடுவில், கைலாசபுரத்துக் குவார்ட்டர்ஸ் சமையலறையில் நான் செய்து காட்டினேன். முதலில் செய்ததெல்லாம் வாயில் வைக்க விளங்கவில்லை என்பது வேறு விஷயம்.

நான் பிறந்தது ஸ்ரீரங்கத்தில், ஒரு பாத்திரக்கடைக்காரர் வீட்டில். எங்கள் வீட்டில் பால் திரிந்துவிட்டால் அதை வாய்விட்டுச் சொல்லக்கூட மாட்டார்கள். அம்மா சத்தமில்லாமல் கொல்லையில் கொட்டிவிட்டு வருவாள். கல்யாணமாகி, கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்துக் குடிவந்த பிறகு, பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரப் பெண் நல்ல பாலில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து வேண்டுமென்றே திரிப்பதைப் பார்த்தேன். பகீரென்றது. அவள் கொடுத்த பனீரைத் தின்றதும் அந்தப் பகீரெல்லாம் போய்விட்டது.

பாலை உறைய வைத்து, அழுத்தி, உப்புத் தடவி, மாதக்கணக்கில் வைத்திருந்தால் அது சீஸ் என்று சொன்னவர், தொழிற்சாலைக்கு வந்திருந்த வெளிநாட்டு எஞ்சினியர் ஒருவரின் மனைவி. கன்றுக்குட்டியின் இரைப்பைச் சாற்றை ஊற்றி உறைய வைப்போம் என்றார். நான் எழுந்தேவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, சில ஊர்களில் அத்திக்கிளையைக் கீறி அதில் வடியும் பாலையும் ஊற்றுவார்கள் என்றார். காவிரிக்கரையில் அத்திமரத்துக்கா பஞ்சம்?

அத்திப்பால் ஒரு சொட்டுக் கூடினாலும் சீஸ் கசந்தது. பால்பவுடர் டின்னில் ஆணியால் துளை போட்டு, துணி விரித்து, உறைந்ததை அள்ளிப் போட்டு, மேலே அம்மிக்குழவியை ஏற்றினேன். ஈரமணலில் பானையைப் புதைத்து அதற்குள் வைத்தேன். சில கட்டிகள் வெடித்தன, சிலவற்றில் புழு வைத்தது. வீட்டு நாற்றத்துக்கு என் கணவர் வாசலிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்தார். ஆனால் ஒரு மார்கழியில் எடுத்த கட்டி, இளமஞ்சளாக, கத்திக்கு வழுவழுவென்று வெட்ட வந்தது. பொன்மலை ரயில்வே காலனியில் கிறிஸ்துமஸுக்கு டின் சீஸ் தேடி அலைகிற குடும்பங்களுக்கு விலைக்குக் கொடுத்தனுப்பினேன். அடுத்த கிறிஸ்துமஸுக்கு இப்போதே சொல்லி வைக்கிறோம் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பால் கொடுத்தவர் திருவெறும்பூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பால்காரம்மா. ஏறக்குறைய என் வயது, என்னைப் போலவே பிடிவாதக்காரி. அவர் பாலில் தண்ணீர் சேராது. நான் பால்கோவா கிண்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் காலையில் பின்பக்கமாக வந்தவர், கொடியில் துணிமூட்டை சொட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து என்னவென்று கேட்டார். பொன்மலைக்கு விற்பது வரை பெருமையாகச் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. சினைமாட்டின் பாலை வேண்டுமென்றே திரிப்பார்களா, மாட்டுக்கும் கன்றுக்கும் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்றார். மறுநாளிலிருந்து பால் ஊற்றாமல் என் வாசலைத் தாண்டிப் போக ஆரம்பித்தார்.

வேறு இடங்களில் வாங்கிப் பார்த்தேன். எல்லாம் தண்ணீர்ப் பால், கட்டியே பிடிக்கவில்லை. அந்தம்மா பால் இல்லையென்றால் என் சீஸ் இல்லை, அவ்வளவுதான்.

சில மாதம் கழித்து அவர் மாடு நல்லபடியாகக் கன்று போட்டது. எங்கள் லைனில் வீடு வீடாகச் சீம்பால் கொடுத்துவிட்டுப் போனார். வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவர்கள் காய்ச்சிய வாசனை மூக்கைத் துளைத்தது. என் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் முந்திக்கொண்டது. மிச்சமிருந்த ஒரு சீஸ் கட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவர் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். நான் உட்காரக்கூட இல்லை. "சீம்பாலை அடுப்புல வெச்சா திரியத்தானே செய்யுது? அதைத்தானே எல்லா வீட்டுக்கும் கொடுத்தீங்க? நான் செய்யறது மட்டும் பாவமா?"

அவர் நிதானமாகத் திரும்பினார். "கொடுத்தேன். வித்தேனா? கன்னு குடிச்சு மிஞ்சினதை நாலு வீட்டுக்குக் கொடுப்போம். நல்லா இருக்கட்டும்னு நாலு வாய் சொல்லும். நீங்க பூராத்தையும் வித்துட்டா எம் மாட்டை யாரும்மா வாழ்த்துவா?"

சண்டைக்குப் போனவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆனாலும் நான் லேசில் திரும்புகிறவள் இல்லை. இனி ஒவ்வொரு தடவையும் முதல் கட்டி விற்பனைக்கு இல்லை, உங்கள் மாட்டுப் பால் என்று சொல்லியே லைன் முழுக்கக் கொடுப்பேன் என்றேன். அவர் மறுபடி வைக்கோலை அள்ளப் போனார், நான் கொண்டுபோன கட்டியைத் தொடவில்லை. ஆனால் கன்று தேறியதும் பால் வந்தது.

சொன்னபடி கொடுத்தேன். கோட்டைப் பக்கத்திலிருந்து வந்திருந்த முஸ்லிம் வீட்டில் ரொட்டிக்குள் வைத்துச் சுட்டுத் தின்றார்கள். ஒரு வீட்டில் சாம்பாரில் போட்டுவிட்டு, ரப்பராக இழுக்கிறதே என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். போன தட்டு எதுவும் வெறுந்தட்டாகத் திரும்பவில்லை. ஒருவருக்கொருவர் பாஷை தெரியாத பெண்களெல்லாம் மத்தியானத்தில் என் சமையலறையில் கூடி, டின்னை அழுத்துவதும் உப்புத் தடவுவதுமாக இருந்தார்கள். பொன்மலைக்கும் தவறாமல் போயிற்று. பால்காரம்மா மட்டும் யார் யாருக்குக் கொடுத்தேன் என்று தினமும் விசாரிப்பார். ஒரு துண்டு வாயில் போட மாட்டார்.

பிறகு ஒருநாள் கடைசி வீட்டுக்கு மருங்காபுரிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் குடிவந்தது. வழக்கம்போலத் தட்டோடு போய் நின்றேன். அவர்கள் அப்போதுதான் பால் காய்ச்ச அடுப்பு மூட்டியிருந்தார்கள். பால்காரம்மா வாசலில் அளந்துகொண்டிருந்தார். வீட்டுக்கார அம்மா தட்டைப் பார்த்து என்னவென்று கேட்க, நான் அரைவாக்கியம் சொல்வதற்குள் பின்னால் நகர்ந்தார்.

"திரிஞ்ச பாலா? குடிவர்ற அன்னிக்கா கொண்டு வருவாங்க? எடுத்துட்டுப் போயிடுங்க."

லைனே பார்த்துக்கொண்டிருந்தது. நாள் பார்க்காமல் போனது என் தப்புத்தான். திரும்ப இருந்தேன்.

பால்காரம்மா அளந்துகொண்டிருந்த ஆழாக்கைக் கீழே வைத்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, என் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார்.

"எங்க மாட்டுப் பாலுங்க. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து செய்யறது," என்று சொல்லி, இன்னொரு துண்டை எடுத்து அந்த அம்மாவின் கையில் வைத்தார்.