மாமா எனக்குச் சுட்ட ரொட்டி

என் மாமனார் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு தடவை குளிப்பார். இரண்டாவது குளியல் என் ரொட்டிக்காக. நாற்பது வருஷம் மைதா பிசைந்த கை. நகக்கண்ணில் எங்காவது துளி ஒட்டியிருந்தால் என் வயிறு தாங்காது. தேங்காய் நாரால் நகங்களைத் தேய்த்து, துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்து, இரண்டு கைகளையும் என் முன்னால் விரித்துக் காட்டுவார். "பாரு தாயி, போதுமா?" மாமனார் கையை மருமகள் சோதிப்பதாவது என்று எனக்குக் கூச்சமாக இருக்கும். பார்க்காமலே தலையாட்டிவிடுவேன்.

வண்ணார்பேட்டையில் அவருக்கு ரொட்டிக்கடை. விறகு எரிக்கும் போர்மா அடுப்பு. அதற்குள் கையை நீட்டியே சூட்டைச் சொல்லிவிடுவார். ராதாபுரம் பக்கமிருந்து நான் அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தபோது காலையில் காப்பியும் சூடான ரொட்டியும்தான் பலகாரம். வருஷக்கணக்கில் தின்றேன், வருஷக்கணக்கில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். பூச்சி மாத்திரை, ரத்தச்சோகை டானிக் எல்லாம் ஆன பிறகு பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் சோதித்துப் பார்த்துச் சொன்னார்: கோதுமை, மைதா, ரவை எதுவும் ஆகாது, ஆயுசுக்கும் ஆகாது. "ரொட்டிக்கடைக்கு வாக்கப்பட்டவளுக்கு ரொட்டி ஆகாதாம்லா!" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். மாமா மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாளே ஆரம்பித்துவிட்டார். பச்சரிசி மாவு, கொஞ்சம் கேப்பை மாவு, அதில் ஒரு பங்கைக் கஞ்சியாகக் காய்ச்சி ஊற்றிப் பிசைவது. எனக்கென்று புதிதாக ஒரு தகர அச்சு. முதலில் வந்தவை செங்கல். உளுந்து சேர்க்கலாமே என்று என் கணவர் சொன்னதற்கு, "உளுந்து போட்டா இட்லி ஆயிரும்லே. நான் ரொட்டிக்காரன்" என்று எரிந்து விழுந்தார். பத்தாவது நாளோ என்னவோ, ரொட்டி எழும்பிவிட்டது. மேலே பொன்னிறமாக வெடித்து, உள்ளே மெத்தென்று, லேசான புளிப்பு வாசத்தோடு. ஆயுசுக்கும் இல்லை என்றிருந்த ரொட்டியைத் தின்றேன். அழுகை வந்தது, அழுதேன். அவர் துண்டால் முகத்தைத் துடைப்பதுபோலத் திரும்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே வயிறு வலித்தது. சொல்லியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்தபின் எப்படிச் சொல்வது? மூன்று வாரம் தினமும் தின்றேன். கொல்லைக்கும் வீட்டுக்கும் நடந்தே கால் ஓய்ந்தது. தாலிக்கொடி கனக்கிற அளவுக்கு இளைத்துவிட்டேன். யார் கேட்டாலும் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

ஒருநாள் விடியற்காலையில் காப்பி கொடுக்கப் போனபோதுதான் கண்ணில் பட்டது. அரிசி மாவைப் பிசைந்தவர், மூலையிலிருந்த மண்சட்டிக்குள் கைவிட்டு ஒரு சிறு உருண்டையைக் கிள்ளி அதில் சேர்த்தார். முந்தின நாள் மைதா மாவிலிருந்து எடுத்து வைக்கும் உருண்டை அது. பாலுக்கு உறைமோர் மாதிரி, அதைச் சேர்த்தால்தான் மறுநாள் மாவு எழும்பும். கடை தொடங்கிய நாளிலிருந்து அந்தச் சட்டி காலியானதில்லை.

"மாமா, அது மைதால்லா?"

"மைதா எங்க போட்டேன்? இது புளிப்புல்லா தாயி" என்றவர், சொல்லி முடிக்குமுன் கையைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் கணக்கில் புளிப்பு என்பது மாவே இல்லை. உப்பை யாராவது தானியம் என்று நினைப்பார்களா, அப்படித்தான். "இத்தன நாளா வலிச்சிச்சா? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று கேட்டார்.

அதன் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைக் குளியல், கொல்லையில் தனியாக ஒரு சின்ன மண் அடுப்பு, பழைய சோற்று நீத்தண்ணியில் அரிசி மாவைக் கரைத்து வைத்த புதுப் புளிப்பு எல்லாம். வயிறு வலிக்கவில்லை. ஆனால் ரொட்டி எழும்பவில்லை. கத்தியை வைத்தால் களிபோல ஒட்டியது. "எப்படி இருக்கு?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பார். "ரொம்ப நல்லா இருக்கு மாமா" என்பேன். ஒரு தடவை, "பழைய மாதிரியா?" என்று அழுத்திக் கேட்டார். "அதவிட நல்லா இருக்கு" என்றேன். அவர் நம்பிவிட்டார். அதற்குப் பிறகு மாவின் பக்குவத்தை மாற்றிப் பார்க்கவே இல்லை. மூன்று வருஷம் ஒரே ரொட்டி. அப்புறம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நன்றாக இல்லை என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் அந்த மனுஷன் தூங்கியிருக்க மாட்டார். பத்து நாளில் செங்கல்லை ரொட்டியாக்கியவருக்கு இதுவும் முடிந்திருக்கும். வலியை மறைத்தபோது கெட்டது என் உடம்பு மட்டும்தான். இரண்டாவது பொய்யில் அவருடைய வேலையையே பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் செய்து, நான் வலியில்லாமல் தின்றிருக்க வேண்டிய ஒரு ரொட்டி இந்த உலகத்தில் இல்லாமலே போயிற்று. அதற்குத்தான் நான் ஏங்குகிறேன்.

இப்போது கடையில் கரண்ட் அடுப்பு. எனக்கானதை நானே கொல்லையில் சுட்டுப் பார்க்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமையும் எழும்பவில்லை. என் கணவர் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டு மென்றார்; மென்றுகொண்டே இருந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நல்லாத்தான இருக்கு" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் தட்டை அவர் முன்னாலிருந்து பிடுங்கிக்கொண்டேன். "நல்லா இல்லன்னு சொல்லுங்க" என்றேன். "தயவுசெஞ்சு சொல்லுங்க."