காசிம் நானாவின் சப்வூஃபர்

இன்று காலை ஓர் ஓட்டோ வீட்டு வாசலால் போனது. பின்னால் பூட்டியிருந்த ஸ்பீக்கர் பெட்டி போட்ட போட்டில் மேசையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை நடுங்கியது. வேறு யாராவது என்றால் ஏசியிருப்பார்கள். நான் கோப்பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு இருந்தேன்.

ஒரு காலத்தில் இந்தச் சத்தம்தான் என் பிழைப்பு. மட்டக்களப்பு டவுனில் வாகனங்களுக்குப் பாட்டு செட் பூட்டும் கடையில் வேலை. அம்ப்ளிபையர் பற்றி என்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு வேறு. பியூஸ் போட மறந்து நான் எரித்த வயர்களின் மணம் இன்னும் மூக்கில் நிற்கிறது.

அங்கேதான் காசிம் நானா வந்தார். காத்தான்குடிக்காரர், பாசிக்குடாவுக்குச் சுற்றுலாக்காரரை ஏற்றி இறக்கும் வேன் வைத்திருந்தார். அரிசி ஆலையில் பல வருடம் வேலைக்கு நின்றதில் காது மந்தம்.

"ஆகப் பெரிய அம்ப்ளிபையராப் போடுங்க தம்பி. பெரிய சப்வூஃபரும் வேணும்."

"இந்த வயசுல இளந்தாரியாகப் போறீங்களா நானா?" என்று பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை.

ஆகப் பெரியது சப்வூஃபரையே எரித்துவிடும் என்று சொல்லி, அது தாங்கும் அளவில் ஒன்றைத் தெரிந்தெடுத்தேன். பெற்றரியிலிருந்து தடித்த வயரை நேரே இழுத்தேன். எர்த் வயருக்கு சீட்டுக்கடியில் பெயின்ற்றைச் சுரண்டி இறுக்கினேன். பியூசையும் மறக்கவில்லை.

"பாட்டொண்டு போடுங்க நானா" என்றதும் ஃபோனை நீட்டினார். மவுத்தாகி அடக்கமும் ஆகிவிட்ட மனைவி, முன்பு இவர் வேன் ஓட்டத்தில் இருக்கும்போது தறியில் இருந்து நெய்தபடியே பதிந்து அனுப்பிய பேச்சு. ஃபோனில் அது அவருக்குக் கேட்பதில்லையாம்.

சப்வூஃபரில் முழக்கம் மட்டும்தான் வரும், பேச்சு வராது. வேனின் முன்பக்க ஸ்பீக்கர்களோ எப்போதோ செத்துவிட்டன. எதைக் கேட்கப் போகிறீர்கள் என்று நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

போட்டேன். குரல் வரவில்லை. டும், டும் என்று தறி அடிக்கும் சத்தம் மட்டும் வேன் முழுக்க அதிர்ந்தது. நானா சீட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"நாளைக்கு வாங்க நானா. முன்னுக்கு வேற ஸ்பீக்கர் பூட்டி, குரலையும் எடுத்துத் தாறன்."

"வேணாம் தம்பி. அவள் தறியில இருக்காள். இருக்கட்டும்."

பிறகு அவரும் மவுத்தாகிவிட்டார். வேனை வாங்கியவர் இன்னொரு சீட் போடவேண்டும் என்று சப்வூஃபர் பெட்டியைக் கழற்றச் சொன்னார். கழற்றியதும் நான்தான். அந்த ஃபோன் எங்கே என்று நானாவின் பிள்ளைகளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இப்போது கடையும் இல்லை.

எந்த வண்டி அதிர்ந்து போனாலும் கை தானாக எதையாவது தொட்டுப் பார்க்கிறது. தறிச் சத்தம் இல்லை, வருவது வெறும் பாட்டுத்தான்.