கிலோ அண்ணனின் நிகர எடை

லாரிகளுக்கு எடை போடும் மேடையில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருந்தவருக்குக் 'கிலோ அண்ணன்' என்று பெயர் வைத்தவர்கள் டிரைவர்கள்தான். மணலோ இரும்போ உருளைக்கிழங்கோ, எது ஏறி வந்தாலும் டிரைவர் இறங்கிக் கோட்டுக்கு வெளியே போய் நின்றால்தான் பொத்தானை அழுத்துவார். சரக்கின் மேல் தண்ணீர் ஊற்றிக் கனம் ஏற்றி வருகிறவர்களை, வண்டிக்கு அடியில் சொட்டும் ஈரத்தை வைத்தே பிடித்துவிடுவார்.

"சீட்டுல என் கையெழுத்து இருக்குல்ல? அப்ப அந்த நம்பர் பொய் சொல்லக் கூடாது" என்பார்.

அப்பேர்ப்பட்டவருடைய ரத்தப் பரிசோதனைச் சீட்டிலேயே ஒரு நாள் இரண்டு நம்பர்கள் எகிறிக் குதித்தன. ஒன்று சர்க்கரை, இன்னொன்று கொழுப்பு. மனுஷன் ஆடிப்போய்விட்டார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, இனிப்பையும் எண்ணெயையும் குறைக்கச் சொன்னார். இவர் சாப்பாட்டையே ஒழித்துக்கட்டினார். சோறு போனது, முட்டை போனது, தயிர் போனது. வேகவைத்த முட்டைக்கோசும் வெள்ளரிக்காயும்தான் மிஞ்சின. சர்க்கரை இறங்கியது, கூடவே ஆளும் இறங்கினார். ஐம்பத்தெட்டு கிலோ இருந்தவர் ஏழே மாதத்தில் நாற்பத்தாறுக்கு வந்து நின்றார். பெல்ட்டில் ஆணி அடித்துப் புதிதாக மூன்று ஓட்டை போட்டும் கால்சட்டை இடுப்பில் நிற்க மாட்டேன் என்றது.

ஒரு மத்தியானம் மேடை ஓரத்திலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். ஒரு டிரைவர் அவரை ஒற்றைக் கையால் அள்ளிக்கொண்டு போய் அறையில் படுக்க வைத்து, "அண்ணே, என் ஸ்டெப்னி டயர் உங்கள விடக் கனமா இருக்கும்போல" என்று நிஜமாகவே கவலைப்பட்டார்.

டாக்டர் புதுச் சீட்டைப் பார்த்தார். "சுகர் கட்டுக்குள்ள இருக்கு. உங்களத்தான் காணோம்" என்று மாத்திரையின் அளவைக் குறைத்து, உணவு ஆலோசகரிடம் அனுப்பிவைத்தார்.

ஆலோசகர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பேசும் ஒரு இளம்பெண்.

"சார், நீங்க ஆறு கிலோ ஏறணும்."

"இனிப்பு சாப்பிட்டா மேடம்?"

"இனிப்பு இல்லாம."

"நெய், வெண்ணெய்?"

"அதுவும் இல்லாம."

"அப்ப காத்தக் குடிச்சா ஏறுவேன்?"

அவள் சிரித்துக்கொண்டே ஒரு தாளை நீட்டினாள். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்திருந்தாள். பருப்பு, கொண்டைக்கடலை, முட்டை, மீன், ஆடை எடுத்த தயிர், ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ பாதாமோ, தீட்டாத அரிசிச் சோறு அளவாக. "கூடவே கொஞ்சம் கனம் தூக்கணும் சார். அப்பத்தான் சாப்பிடறது சதையா சேரும்" என்றாள்.

கூட வந்திருந்த மனைவிக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஏழு மாதமாக முட்டைக்கோஸ் அவித்தே நொந்துபோயிருந்தவள், மறுநாளே விடியுமுன் எழுந்து நான்கு டப்பாக்களை நிரப்பிப் பையில் அடுக்கினாள். ஒவ்வொரு மூடியிலும் மணி எழுதி ஒட்டியிருந்தாள்.

கிலோ அண்ணன் பத்தரை மணி டப்பாவைத் திறந்தார். கொண்டைக்கடலை கமகமவென்று மணந்தது. வாய் ஊறியது, கூடவே பயமும். இதைத் தின்றால் சர்க்கரை எங்கே போய் நிற்குமோ! ஒவ்வொரு பாதாமும் ரத்தக்குழாயில் குறுக்கே படுத்துக்கொள்ளும் என்று தோன்றியது. மெல்ல டப்பாவை ஜன்னல் வழியே டிரைவரிடம் நீட்டினார். "தம்பி, பசிக்குதா?"

ஒரே வாரத்தில் பத்தரை மணிக்கு மட்டும் எடை மேடையில் லாரிகள் வரிசைகட்டின. டப்பா காலியாகவே வீடு திரும்பியது. மனைவிக்கு உச்சி குளிர்ந்தது.

மாதம் முடிந்து ஆலோசகரைப் பார்க்கும் நாள் வந்தபோதுதான் கிலோ அண்ணன் தன் எடையைப் பார்த்தார். ஏறியிருந்தது வெறும் இருநூறு கிராம். மனைவியின் முகத்தில் எப்படி விழிப்பது? வாசல் கேட்டின் பெரிய பூட்டு கால்சட்டையின் ஒரு பையில், மேஜைத் தராசின் அரைக்கிலோ கற்கள் இரண்டு இன்னொரு பையில். போதாக்குறைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரையும் மடக்மடக்கென்று குடித்துவிட்டுப் போனார்.

"நாப்பத்தொம்பது புள்ளி ரெண்டு! மூணு கிலோ ஏறியிருக்கு!" என்று மனைவி கையைத் தட்டினாள்.

ஆலோசகர் கண்ணாடியைக் கீழே இறக்கினாள். "கன்னம் அப்படியே ஒட்டித்தானே இருக்கு? ஏன் சார் கால மாத்தி மாத்தி நிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல மேடம்" என்று அவசரமாகக் குனிந்து செருப்பை எடுத்தார். டங்கென்று ஒரு எடைக்கல் தரையில் விழுந்து உருண்டு போய் மனைவியின் காலடியில் நின்றது.

அவள் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது எத்தன மணி டப்பாவுல வச்சேன்?"

அதற்கு மேல் மறைக்க வழியில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு அவிக்கிறேனே, உங்களுக்கா லாரிக்கா?" மனைவி கல்லை மேஜையில் வைத்தாள். "நீங்க தேஞ்சுக்கிட்டே போறத தினமும் பாக்கறவ நான்தானே?"

அவருக்குத் தலை நிமிரவில்லை. ஊரார் ஏய்ப்பைப் பிடிக்கிறவர், கட்டியவளையே ஏய்த்திருந்தார். "நம்பர் ஏறிடுமோன்னு பயம்மா" என்றார் தணிந்து.

ஆலோசகர் யோசித்தாள். பிறகு, வீட்டில் சர்க்கரை பார்க்கும் சின்னக் கருவி ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். "நீங்க நம்பர நம்புற ஆளு. சாப்பிடறதுக்கு முன்னாடி பாருங்க, ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பாருங்க. அப்புறம் பயப்படலாமான்னு சொல்லுங்க."

மறுநாள் சாப்பிடுமுன் நூற்றுப் பதினெட்டு. கொண்டைக்கடலையை மென்று விழுங்கிவிட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நூற்று நாற்பத்தாறு. கருவியில்தான் கோளாறோ என்று வேறு விரலில் குத்தினார். கிட்டத்தட்ட அதே நம்பர். மூன்றாவது விரலும் அதையே சொன்னது. ஒரு வாரம் இப்படிப் பார்த்த பிறகுதான் பாதாம்மேல் இருந்த சந்தேகமும் தீர்ந்தது.

பத்தரை மணி லாரிகளுக்கு அன்றோடு படி அளப்பது நின்றது. "கண்ணு வைக்காத, கோட்டுக்கு வெளிய நில்லு" என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார். மேடையைச் சரிபார்க்க வைத்திருந்த ஐந்து கிலோ இரும்புக்கற்களைக் கைக்கு ஒன்றாகத் தூக்கி இறக்கினார். முதல் வாரம் தோள்வலியில் சட்டை மாட்டவே மனைவி உதவ வேண்டியிருந்தது.

எட்டு மாதத்தில் ஐம்பத்தொன்றரை கிலோவுக்கு வந்துவிட்டார், பைகளைக் காலி செய்துவிட்டு நின்றபோது. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி சொன்ன இடத்தில் இருந்தது. கெட்ட கொழுப்பும் இறங்கியிருந்தது. இன்னும் அரைக்கிலோ பாக்கி என்றாள் ஆலோசகர். அதற்கென்ன அவசரம் என்றார் இவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தம்பி வந்தான். வாசலிலேயே நின்று அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"என்ன மாமா, கொஞ்சம் சதை போட்டிருக்கீங்க? சுகர், கொழுப்பு எதுக்கும் ஒரு தடவ செக் பண்ணிடுங்க."

உள்ளே மனைவி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி நழுவி விழும் சத்தம் கேட்டது.