வரப்பில் ஒரு நண்டு வளை

கல்யாணமாகி நான் திருக்காட்டுப்பள்ளிக்கு வந்தபோது என் கணவரின் மகளுக்கு ஐந்து வயது. அவளைப் பெற்றவள் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. குழந்தை என்னிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டாள். சாப்பாடு போட்டால் சாப்பிடுவாள், தலை வாரக் கூப்பிட்டால் வந்து உட்காருவாள். என்னை மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டாள். ஏதாவது வேண்டுமென்றால் என் எதிரே வந்து, நான் நிமிர்ந்து பார்க்கிறவரை நிற்பாள்.

அம்மா என்று கூப்பிடும்படி ஒருநாள் அவர் அவளிடம் சொல்லப்போக, அவரை உள்ளே அழைத்துப்போய் ஒரு பிடி பிடித்தேன். கேட்டு வாங்குகிற பண்டமா அது? எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆனால் அன்றைய கோபத்துக்குள் ஆசைதான் இருந்தது. அவளாகக் கூப்பிட மாட்டாளா என்று தினமும் காத்திருந்தவள் நான்தான்.

சென்னையில் பத்து வருடம் நர்சரிப் பள்ளியில் வேலை பார்த்திருக்கிறேன். குழந்தையை வளைத்துப்போட எனக்குத் தெரிந்த ஒரே வித்தை படக்கதை. தஞ்சாவூர் போனபோது, பக்கத்துக்குப் பக்கம் பெரிய பெரிய வண்ணப் படங்களோடு மிருகக் கதைப் புத்தகம் ஒன்று வாங்கி வந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கூடத்தில் பாய் விரித்து ஒரு கதை. முயல் சிங்கத்தை ஏமாற்றிக் கிணற்றில் குதிக்க வைத்தபோது லேசாகச் சிரித்தாள். ஆமை வாயைத் திறந்து வானத்திலிருந்து விழுந்தபோது முகத்தைச் சுளித்தாள். பேச்சில்லை. ஒவ்வொரு கதை முடிந்ததும் இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்பேன். வாத்தியார் புத்தி எங்கே போகும்? அவளும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

புரட்டாசியில் ஒருநாள் கொக்கு, நண்டு கதை வந்தது. குளம் வற்றப்போகிறது என்று பொய் சொல்லி, காப்பாற்றுகிற சாக்கில் மீன்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய்த் தின்கிற கொக்கு. கடைசியில் நண்டு அதன் கழுத்தை நறுக்கிவிடும். நான் குரலை ஏற்றி இறக்கி, இரண்டு விரலைக் கொடுக்காக்கி, பிரமாதமாகச் சொன்னேன். சென்னையில் எந்த வகுப்பிலும் இந்த இடத்தில் கைதட்டல் விழும்.

இவள் புத்தகத்தைப் பிடுங்கி மூடினாள்.

"கத தப்பு. கொக்கு நல்லது. நண்டுதான் கெட்டது."

கொக்கு ஏமாற்றியதை நான் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். அவள் விடுவதாக இல்லை. நண்டு வரப்பில் வளை தோண்டும், தண்ணீரெல்லாம் பள்ளத்து வயலுக்கு ஓடிவிடும், நட்ட பயிரை வெட்டும். கொக்கு டிராக்டர் பின்னாலேயே போய்ப் பூச்சியைத் தின்னும், நண்டையும் பிடித்துத் தின்னும். மூச்சுவிடாமல் சொன்னாள். நான் வந்த நாளிலிருந்து அவள் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வராது. எனக்கோ இதில் எதுவும் தெரியாது. நண்டை மீன் மார்க்கெட்டில் பார்த்ததோடு சரி. நம்பாதவள் மாதிரி அப்படியா என்று இழுத்தேன். அது அவளுக்குப் பொறுக்கவில்லை. என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப்போனாள். அவளாக என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

தெருவைக் கடந்து வாய்க்காலைத் தாண்டினால் எங்கள் வயல். நடவு நடந்துகொண்டிருந்தது. செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டு வரப்பில் முன்னால் நடந்தாள். ஓரிடத்தில் குனிந்து ஓர் ஓட்டையைக் காட்டினாள். அதன் வழியாகத் தண்ணீர் சத்தமில்லாமல் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நன்றாகப் பார்க்கலாம் என்று ஓரத்தில் கால் வைத்தேன். வரப்பு சரிந்து, முழங்கால்வரை சேற்றில் இறங்கிவிட்டேன். நட்டுக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒரு அம்மாள் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தார்.

"யாரு பாப்பா இவங்க? புதுசா இருக்காங்க?"

கேட்டவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. இவள் என்ன சொல்வாள்? ஒன்றும் சொல்லாமல் நின்றுவிட்டால், அத்தனை பேர் நடுவில் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

அவள் சேற்றை இரண்டு கையாலும் அள்ளி ஓட்டையில் அப்பிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"எங்க அம்மா. மெட்ராஸு. நண்டப் பத்தி ஒண்ணுமே தெரியாது, பாவம்."

சேற்றிலிருந்து காலை எடுக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. வழுக்குகிறது என்று எல்லோரிடமும் சொன்னேன். அப்புறம் நானும் குனிந்து இரண்டு கை சேறு அள்ளினேன். எப்படி மிதித்து அடைக்க வேண்டும் என்று அவள்தான் சொன்னாள்.

இப்போது அவள் ஏழாம் வகுப்பு. ஒரு நாளைக்கு நூறு தடவை அம்மா என்கிறாள், அதில் பாதி என்னோடு சண்டை போட. அந்தப் புத்தகம் முதுகு கிழிந்து அலமாரியில் இருக்கிறது. யாரிடமும் கதை முடிந்ததும் கேள்வி கேட்கிற பழக்கத்தை விட்டுவிட்டேன். நடவு சமயத்தில் வரப்பில் வளையைப் பார்த்தால் வீட்டில் எல்லோரும் நண்டைத் திட்டித் தீர்ப்பார்கள், அவளும்தான். நான் மண்ணைப் போட்டு அடைப்பேன். ஆனால் திட்ட வாய் வராது.