வருத்தம் கடுமையாம் என்று சொன்னேன்

நான் வேலை செய்யும் வீட்டு அம்மா, சிஞ்ஞோராவுக்குக் காது மந்தம். தொலைபேசியில் யார் பேசினாலும் அவருக்கு இரைச்சல்தான். அதனால் இத்தாலியில், ஒரேத்தோத் தெருவில் இருக்கும் அந்த வீட்டுக்கான அழைப்புகள் எல்லாம் என் கைபேசிக்கு வரும். நான் கேட்டு, அவர் முகத்துக்கு நேரே நின்று உரக்கச் சொல்லுவேன். வயது எண்பத்திரண்டு, பிள்ளைகள் இல்லை, கணவர் போய்ப் பத்து வருடம். மிச்சமிருந்த ஒரே இரத்த உறவு ஒரு தம்பி. பக்கத்துக் கடற்கரை ஊரான ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்த அந்த மனிதர் இருபது வயதில் ஆர்ஜென்டினாவுக்குக் கப்பலேறினார். அங்கே வடக்கில், மலையடிவாரத்தில் ஒரு பழைய சிற்றூரில் பேக்கரி போட்டார், கிற்றார் வாசித்தார், கிழவரானார். அந்த ஊர் நாட்டுப்பாடலுக்குப் பேர் போனதாம். ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும் என்று சிஞ்ஞோரா சொல்லாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. நான் தலையாட்டிக்கொண்டு சட்டைகளை மடிப்பேன்.

ஒரு காலை, தம்பியின் மகன் அழைத்தான். உடைந்த இத்தாலிய மொழியில் ஒரே வசனம்: அப்பா இரவு செத்துப்போனார். சிஞ்ஞோரா பல்கனியில் இருந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். நான் போய் முன்னால் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "தம்பிக்கு வருத்தமாம். கொஞ்சம் கடுமையாம்."

யோசித்துச் சொல்லவில்லை. ஊரில் எங்கள் ஆட்களுக்கு அது பழகிப்போன வழி. சாவைத் தூக்கி யாருடைய தலையிலும் போடமாட்டோம். முதலில் வருத்தம், அதாவது நோய், கடுமை என்போம், பிறகு டொக்டர்மார் கைவிட்டுவிட்டார்கள் என்போம், அதற்குள் கேட்கிறவருக்கே விளங்கிவிடும். பின்னேரம் அடுத்த படி, மறுநாள் காலை உண்மை என்று கணக்குப் போட்டேன். சிஞ்ஞோராவுக்கு எங்கள் படிகள் தெரியாது. அவர் பட்டாணிக் கோப்பையை என் கையில் தந்துவிட்டு எழும்பினார்.

"அப்ப வெளிக்கிடு. உயிரோட இருக்கேக்கை பாக்கவேணும்."

அவர் பேசியது இத்தாலியன். பதினாறு வருடம் ஒரு வீட்டில் இருந்ததில் எனக்கு அவர் பேச்செல்லாம் எங்கள் தமிழாகவே காதில் விழும்.

அன்று மத்தியானமே பயணச்சீட்டு எடுத்தாயிற்று. ஏழு நாள் கழித்துத்தான் இடம் கிடைத்தது. இப்போது சொல்லடி, இப்போது சொல்லடி என்று என்னையே திட்டிக்கொண்டு அந்த ஏழு நாளையும் கடத்தினேன். என் மூலம் தம்பியோடு கதைக்க வேண்டும் என்று சிஞ்ஞோரா கேட்டபோது, ஆஸ்பத்திரியில் தொலைபேசி விடமாட்டார்களாம் என்றேன். ஒரு பொய் தனியே நிற்காது, குடும்பமாகத்தான் வரும். அவர் தம்பிக்குப் பிடிக்கும் என்று உப்பு நெத்தலி மூன்று போத்தல் வாங்கி, ஒவ்வொன்றையும் தன் கம்பளிச் சட்டையில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். காலையும் மாலையும் செபமாலை. பக்கத்தில் முழங்காலில் நின்று நானும் "அருள் நிறைந்த மரியே" சொன்னேன். வெட்கம் கெட்டவள்.

இதில் கேவலம் என்னவென்றால், இதே வேலையை என் அண்ணன் எனக்குச் செய்திருந்தார். அப்போது எனக்கு இங்கே தங்கும் அனுமதி, பெர்மெஸ்ஸோ, கிடைக்கவில்லை, ஊருக்குப் போக வழியில்லை. அம்மாவுக்குக் கடுமை என்றார். நான் வெறுங்காலோடு மொந்தே பெல்லெக்ரீனோ மலை ஏறிப் புனிதையின் குகையில் மெழுகுதிரி கொளுத்தி, அம்மாவை எழுப்பித் தா என்று கெஞ்சினேன். அம்மாவை அடக்கம் பண்ணி அப்போது ஒரு நாள் கடந்திருந்தது. அது தெரிந்ததும் ஒரு வருடம் நான் அண்ணனோடு கதைக்கவில்லை. அந்த நான்தான் இந்த நான்.

விமானத்தில் சொல்ல நினைத்தேன். சிஞ்ஞோரா முந்திக்கொண்டு, "அவனுக்குக் கிற்றார் பிடிக்கிற அளவுக்குச் சுகம் வந்திருக்குமோ?" என்று கேட்டார். நான் அவர் மடியில் போர்வையை இழுத்து விட்டேன். பேருந்து நிலையத்துக்கு வரவேண்டாம், நாங்களே விசாரித்து வருவோம் என்று தம்பியின் மகனான அந்த மருமகனுக்கு முன்பே சொல்லியிருந்தேன். அவன் வாயைத் திறந்துவிடுவானே என்ற பயம். சிஞ்ஞோராவுக்கு எல்லாம் தெரியும் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

வெள்ளை அடித்த மண் சுவர் வீடுகள், கல் பாவிய ஒடுங்கிய தெரு, முடிவில் இரட்டைக் கோபுரத் தேவாலயம். சலூன்காரன் கடை வாசலிலும் ஒரு கிற்றார் சாய்ந்திருந்தது. சப்பாத்து தைக்கிறவன் பாடிக்கொண்டே தைத்தான். சிஞ்ஞோரா என் கையைப் பிடித்து ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். பேக்கரித் தெருவில் திரும்பினோம். ஒரு வீட்டுக்குள் இருந்து நாலைந்து கிற்றாரும் பெரிய மேளமும் கேட்டன. அந்த மேளம் அவருடைய காதுக்கே எட்டியது.

சிஞ்ஞோராவின் முகம் மலர்ந்துவிட்டது. "அவன்ர வீடுதான்! வாசிக்கிறாங்கள். எழும்பிட்டான் பாத்தியே!"

அன்று ஒன்பதாம் நாள் செபம். வாசிக்கிறவர் போனால் ஒன்பதாம் நாள் கூட்டாளிகள் வந்து வாசித்து வழியனுப்புவது அந்த ஊர் வழக்கம் என்று மருமகன் எனக்குச் சொல்லியிருந்தான். சிஞ்ஞோரா என் கையை விட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். பின்னால் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து மறித்தேன். அந்த வாசலுக்குள் அவர் சிரித்துக்கொண்டு போகக் கூடாது.

"சிஞ்ஞோரா, தம்பி செத்துப்போனார்."

"என்ன?"

மேளச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. பலமாகச் சொன்னேன். அதுவும் கேட்கவில்லை. கடைசியில் தெரு முழுக்கக் கேட்கக் கத்தினேன். "செத்துப்போனார்! ஒன்பது நாளாச்சு!"

உள்ளே வாசிப்பு நின்றது. சிஞ்ஞோரா சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"அப்ப நான் ஆருக்குச் செபமாலை சொன்னனான்?"

அந்தக் கேள்வியை நானும் அந்த மலையிலிருந்து இறங்கிக் கேட்டவள்தான். இந்தக் கிழவியின் வீட்டில் இனி எனக்கு இடமில்லை என்று நினைத்தேன். வேலை போவதை விட, அவர் என்னை இனி நம்பமாட்டார் என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

மருமகன் வாசலுக்கு வந்தான். பின்னால் கிற்றாரோடு கிழவர்கள். அவன் அத்தையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முகம் சிவக்கக் கத்தினான். "அண்டைக்கே சொன்னனானல்லோ? இவ உங்களுக்கு இப்பதான் சொல்லுறாவோ?"

சிஞ்ஞோரா சுவரிலிருந்து கையை எடுத்து, சால்வையைச் சரி செய்தார்.

"அண்டைக்கே சொன்னவள். நான்தான் நம்பேல்லை. வாசலில நிண்டு திருப்பிச் சொல்லு எண்டு இப்ப நான்தான் கேட்டனான்."

பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார். வலித்தது. படி ஏறும்போது எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். "இனி ஒருநாளும் இப்பிடிச் செய்யாதை, பிள்ளை."

கூடத்தில் மறுபடி வாசிக்கத் தொடங்கினார்கள். சிஞ்ஞோரா கண் கலங்காமல் நிமிர்ந்து இருந்தார். நான்தான் வாய்விட்டு அழுதேன், நிறுத்த முடியவில்லை. செத்தவர்மீது எனக்கு அவ்வளவு பாசம் என்று நினைத்து, முன்பின் தெரியாத பெண்கள் முதுகைத் தடவித் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்கள். சிஞ்ஞோரா என் மணிக்கட்டை விடவே இல்லை.