ஐந்து மணிக்கு இறங்காத நீரூற்று

டார்கஸ் அக்கா தேநீருக்குத் தண்ணீர் வைக்கக் கடிகாரம் பார்த்ததே கிடையாது. வீட்டில் நல்ல கடிகாரம் ஒன்று இருந்தது, கல்யாணப் பரிசாக வந்தது. அது பாட்டுக்கு ஓடியது, அடித்தது, யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. கோடைக்காலச் சனிக்கிழமைகளில் அவள் பார்த்தது ஜன்னலுக்கு வெளியே, ஓக் மரங்களுக்கு மேலே எழும்பி நின்ற வெள்ளை நீர்த்தூணைத்தான். அது இறங்க ஆரம்பித்ததும் கெட்டிலை அடுப்பில் ஏற்றுவாள். ஆவி வருகிற நேரத்துக்கு ஜெத்ரோ வாசலில் பூட்ஸைத் தட்டிக்கொண்டிருப்பார்.

அவள் புருஷன் ஜெத்ரோ ஹெப்பல்தான் ஹார்ன்லி மாளிகையின் நீரூற்றுக்காரர். மாளிகைக்குப் பின்னால் குன்றின் உச்சியில் ஒரு குளம். அதன் கரையில் கல்லால் கட்டிய சின்ன அறை. உள்ளே வண்டிச் சக்கரம் அளவுக்கு ஓர் இரும்புச் சக்கரம். அதைத் திருகித் திறந்தால் குளத்துத் தண்ணீர் குழாய் வழியே குன்றிறங்கிப் பாய்ந்து, மாளிகைக்கு முன்னாலிருக்கும் தடாகத்தில் தேவாலயக் கோபுர உயரத்துக்கு எழும்பும். சனிக்கிழமை மூன்று மணிக்குத் திறப்பார், ஐந்து மணிக்கு மூடுவார், நடுவில் அங்கேயே காவல் இருப்பார். அதற்கு மேல் ஓடவிட்டால் குளம் வற்றிப்போகும், திங்கட்கிழமை சலவைக்கூடத்தில் எங்களுக்குத் துணி அலசத் தண்ணீர் இருக்காது. பார்க்க வருகிறவர்கள் கழுத்து வலிக்க மேலே பார்ப்பார்கள். மேலே ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தவர் ஒருவர்கூட இல்லை.

அக்காவும் நானும் அந்தச் சலவைக்கூடத்தில்தான் வேலை பார்த்தோம். அக்கா கல் உடைக்கிறவர் மகள், சின்ன வயசிலேயே மாளிகை வேலைக்கு வந்துவிட்டவள். நனைந்த கம்பளியை ஒற்றை ஆளாய் முறுக்கிப் பிழிவாள். காதலைச் சொல்ல ஜெத்ரோவுக்கு வாய் வரவில்லையாம். ஒருநாள் குன்றின் மேல் கூட்டிக்கொண்டு போய் சக்கரத்தை அவள் கையில் கொடுத்தாராம்.

"மெதுவா மூடு. சட்டுனு மூடினா தண்ணி திரும்பி இடிச்சுக் குழாயே வெடிச்சிரும்."

"நான் என்ன பச்சப்புள்ளயா?"

"அதான் இல்லையே, சலவைக்காரி. போர்வைய முறுக்குற மாதிரி முறுக்கிருவே, அதான் பயம்."

"சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு, ஹெட்டி. அந்தச் சிரிப்புக்கு நடுவுல கேட்டாரு, நான் சரின்னுட்டேன்" என்பாள் அக்கா. ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள், நானும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டிருக்கிறேன்.

கல்யாணத்துக்குப் பிறகு ஜெத்ரோ ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். மூடும்போது நீர்த்தூண் கீழே இறங்கி ஓர் ஆள் உயரத்துக்கு வந்ததும் கையை நிறுத்துவார். ஒரு மூச்சு நேரம் அது அப்படியே நிற்கும், பிறகு அடங்கும். தோட்டக் கதவருகே நின்றால் அது தெரியும். "தொப்பிய எடுத்து வணக்கம் வைக்கிறாராம் எனக்கு" என்று அக்கா சொல்வாள். பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் அந்தக் கெட்டிலும்தான்.

அது ஜூலை மாதம். மாளிகையின் மூத்த மகனுக்குக் கல்யாணம் நிச்சயமான சனிக்கிழமை, புல்வெளி முழுக்க விருந்தாளிகள். நான் நிறைமாதமாக இருந்தேன். அக்கா வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து கூஸ்பெர்ரிப் பழங்களுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தோம். கடிகாரம் ஐந்து அடித்தது. நீர்த்தூண் இறங்காமல் அப்படியே எழும்பி நின்றது.

"கடிகாரம் வேகமா ஓடுதோ என்னமோ" என்றேன்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள், பிறகு வாசலைத் தாண்டிவிட்டாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். குன்றுக்குக் குறுக்குவழி புல்வெளி வழியாகத்தான். வேலியின் சின்னக் கதவில் தலைமைத் தோட்டக்காரர் பில்லிங் நின்றிருந்தார்.

"எங்க போற, டார்கஸ்?"

"மேல. ஜெத்ரோவுக்கு என்னமோ ஆயிருச்சு. வழி விடுங்க ஐயா."

"பெரிய மனுஷங்க உக்காந்திருக்காங்க. இந்த ஏப்ரனோட நடுவுல போவியா? மதில் ஓரமா சுத்திப் போ."

"அஞ்சுக்கு மேல அவர் விட்டதே கிடையாது."

"விசேஷ நாளுன்னு கூடக் கொஞ்சம் விட்டிருப்பான். கை தட்டுறாங்க பாரு. நீ போய்க் கெடுக்காத."

"அப்ப யாரையாச்சும் அனுப்புங்க. ஓடக்கூடிய ஆள் யாரையாச்சும்."

"தண்ணி நிக்கட்டும், அப்புறம் அனுப்புறேன்."

பில்லிங் கெட்டவர் என்றால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கிறிஸ்துமஸுக்கு எங்களுக்கு ஆப்பிள் கொடுக்கிற மனிதர்தான். புல்லின் மேல் ஈரக் கால் படக்கூடாது என்ற ஒன்றைத் தவிர அவர் மண்டையில் அன்று வேறெதுவும் ஏறவில்லை.

அக்கா மதிலைச் சுற்றி ஓடினாள். மான் தோப்பைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, அது எவ்வளவு தூரம் என்று எங்களுக்குத்தான் தெரியும். வழி நெடுக மரங்களுக்கு மேலே அந்தத் தண்ணீர் பளபளவென்று நின்றது. வாழ்க்கையில் நான் வேறெதையும் அப்படி வெறுத்ததில்லை.

நான் மூச்சு வாங்கி மேலே சேர்ந்தபோது அக்கா சக்கரம் இருந்த அறையின் தரையில் உட்கார்ந்திருந்தாள், ஜெத்ரோவின் தலை அவள் மடியில். அவர் வலது கை சக்கரத்தைப் பார்த்து நீண்டிருந்தது. தரைப் பாசியில் விரல்களால் பிறாண்டிய தடம் இருந்தது. எழுந்திருக்கப் பார்த்திருக்கிறார், நகர்ந்து பார்த்திருக்கிறார்.

"இன்னும் சூடு இருக்கு, ஹெட்டி" என்றாள்.

"நான் மூடட்டுமா அக்கா?"

"விடு."

குளம் வற்றிச் சேறு தெரிந்தது. குழாய் கரகரத்து அடங்கியது. கீழே நீரூற்று தானாக விழுந்திருக்க வேண்டும், ஏனென்றால் அப்போதுதான் புல்வெளியிலிருந்து கைதட்டல் கேட்டது. நீண்ட நேரம் தட்டினார்கள். அக்கா அவர் காதுகளைப் பொத்தினாள்.

மாரடைப்பு என்றார் டாக்டர். "கொஞ்சம் முன்னாடி பாத்திருந்தா" என்று ஆரம்பித்தவர் அக்கா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அடக்கம் முடிந்து மாளிகைச் சீமாட்டி தானே வீட்டுக்கு வந்தார், பன்றித்தொடைக் கறியும் கறுப்புத் துணியும் எடுத்துக்கொண்டு. "அவர் எங்களுக்குக் கடைசியாத் தந்த பரிசு அது, டார்கஸ். அவ்வளவு அழகான சாயங்காலத்த நான் பாத்ததே இல்ல" என்றார். கண் கலங்கித்தான் சொன்னார். அக்கா முழங்கால் மடக்கி வணக்கம் சொன்னாள். எனக்கு அந்தக் கறியைத் தூக்கி நாய்க்குப் போடலாம்போல இருந்தது.

மறுவருஷம் அதே சனிக்கிழமை, குளம் வற்றும்வரை நீரூற்று ஓடட்டும் என்று சீமாட்டி உத்தரவு போட்டார். அதற்கு 'ஜெத்ரோ மாலை' என்று பெயர் வைத்தார்கள். புல்வெளியில் முன்வரிசையில் அக்காவுக்கு ஒரு நாற்காலி. போன வருஷம் கால் வைக்க விடாத அதே புல்வெளி. அக்கா உட்கார்ந்தாள். தண்ணீரைப் பார்க்கவில்லை, குன்றைப் பார்த்தாள். ஐந்து மணிக்கு மேல் என் கையைப் பிடித்தாள், "மூடிட்டாங்களா? மூடிட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அன்றிரவு அவளுக்குக் காய்ச்சல்.

அதற்கடுத்த வருஷமும் நாற்காலி போட்டார்கள். ஐந்து அடித்ததும் அக்கா எழுந்தாள். நாற்காலிகளுக்கு நடுவே, புல்லின் நட்டநடுவே நடந்தாள். பில்லிங் இரண்டடி முன்னால் வந்து நின்றுவிட்டார். அவள் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

மேலே நடந்ததைப் புதிய நீரூற்றுக்காரன் சைலஸ் பிறகு எனக்குச் சொன்னான். "குளம் வத்துற வரைக்கும்னு சீமாட்டி உத்தரவு" என்றானாம் இவன். "தெரியும் தம்பி, தள்ளிக்கோ" என்றாளாம் அவள்.

நீர்த்தூண் இறங்க ஆரம்பித்தது. சுற்றிலும் ஏமாற்றமான முனகல். அவசரமில்லாமல், குழாய் இடிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஓர் ஆள் உயரத்துக்கு வந்ததும் நின்றது. ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றது. பிறகு அடங்கியது. நான் அழுதேன், பிள்ளை என் முகத்தைப் பார்த்துத் தானும் அழுதான்.

அக்கா வந்த வழியே திரும்பி வந்தாள். சீமாட்டி எழுந்து எதிரே போனார்.

"ஏன் டார்கஸ்? அவர் ஞாபகமாத்தானே செஞ்சோம்?"

"உங்களுக்கு அது தண்ணிம்மா. எனக்கு, அஞ்சு மணிக்கு மேல அது ஓடுற நேரமெல்லாம் அவரு அங்க கைய நீட்டிக்கிட்டுக் கிடக்காரு. இன்னும் யாரும் போகல."

சீமாட்டி அப்படியே அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அக்கா அவரைத் தாண்டி வீட்டைப் பார்த்து நடந்தாள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது கெட்டில் அடுப்பில் இருந்தது.