மரவள்ளிப் பாடமும் பானுமதி டீச்சரும்

உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறிக்கொண்டிருந்தபோது டீச்சரின் பள்ளியிலிருந்து போன் வந்தது. "பானுமதி டீச்சர் போயிட்டாங்க சார். நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரிக்குக்கூட போய்ச் சேரல." அழுகைக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது. இனி நம் பாடங்களை யார் பார்ப்பார்கள்?

அவரை அறிந்த உங்களுக்கு இந்தப் பயம் புரியும். ஆசிரியர்கள் எழுதும் பாடங்களை இணையத்தில் பொதுவில் சேர்த்து வைக்கிறோம். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், எழுதி அனுப்பலாம். வந்ததை ஏற்கும் பொறுப்பு டீச்சருக்கும் எனக்கும். நான் படித்துப் பார்ப்பதோடு சரி. கல்வராயன் மலைப் பள்ளியில் வேலை பார்த்த டீச்சரோ, தன் வகுப்பில் நடத்திப் பார்க்காமல் எதையும் ஏற்கமாட்டார். "இன்னா டீச்சர், ஒரு பக்கத்துக்கு ஒரு வாரமா?" என்று கிண்டல் செய்வேன். "நாம படிச்சா இன்னா தெரியும் சார்? புள்ளைங்க கையில போனாத்தான் தெரியும்" என்பார்.

ஒருமுறை சமவெளி ஆசிரியர் ஒருவர் சுவைகளைப் பற்றிப் பாடம் அனுப்பினார். மரவள்ளிக்கிழங்கைப் பச்சையாக ஒரு துண்டு, வேகவைத்து ஒரு துண்டு தின்று பார்க்க வேண்டும். அவர் ஊரில் விளைவது சமையல் கிழங்கு. டீச்சர் பள்ளியைச் சுற்றி விளைவதோ ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் கசப்புக் கிழங்கு. பச்சையாகத் தின்றால் விஷம். நடத்திப் பார்க்கும் நாளில் பிள்ளைகள் அந்தக் கிழங்கோடு வந்து நின்றதும்தான் டீச்சருக்கு உறைத்தது. எல்லாவற்றையும் பிடுங்கி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "நாம இன்னும் ஏத்துக்கலன்னு நெனச்சிக்கினு இருக்கோம் சார். அதுக்குள்ள யாராச்சும் எடுத்துக்கினு போயிருந்தா?"

எடுத்திருந்தார்கள். ஏற்காத பாடமும் தளத்தில் எல்லோர் கண்ணிலும் படும். பள்ளி பள்ளியாகப் போன் போட்டோம். ஒரு தலைமையாசிரியர் மட்டும் போனை எடுக்கவே இல்லை. சாயங்காலம் அவரே கூப்பிட்டு, கிழங்கு கிடைக்காததால் பாடம் நடத்தவில்லை என்றார். நான் அதைச் சொன்னதும் டீச்சர் போனிலேயே அழுதுவிட்டார்.

எழுதியவரை அவர் திட்டவில்லை. "பச்சையா வேணாம்னு நீங்களே மாத்தி அனுப்புங்க சார். உங்க பேருலியே இருக்கட்டும்" என்றார். அப்படித்தான் இருக்கிறது.

டீச்சரின் காரியம் முடிந்து வந்து தளத்தைத் திறந்தேன். காட்டுக் கீரைகளைப் பற்றி ஒரு பாடம் வந்திருக்கிறது. நல்ல எழுத்து, நல்ல படங்கள். முன்பென்றால் உடனே ஏற்றிருப்பேன். இப்போது கை வரவில்லை. 'இன்னும் சரிபார்க்கவில்லை, நடத்த வேண்டாம்' என்று அதன் தலையில் சிவப்பில் எழுதினேன். எழுதும்போதே, அதற்குள் யாராவது எடுத்திருப்பார்களோ என்று பயம் வந்தது.

டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பயம்தான். நாளாக ஆக இது என்னை விட்டுப் போய்விடுமோ என்றுதான் இப்போது பயமாக இருக்கிறது.